மச்சான் காலமான செய்தி

ஜூலை 7, திங்கள். அரூர்

காலையிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட வேட்டி எதிர்வீட்டுக் கொய்யா மரத்தில். மழை, பேச்சில் மட்டும்.

சென்னைப் பதிப்பகத்திலிருந்து பிழை திருத்த மெய்ப்பு வந்திருக்கிறது. தன்னம்பிக்கை நூல். ஆசிரியர் 'முயற்ச்சி' என்றே எழுதுகிறார், எல்லா இடத்திலும், தளராமல். அந்த முயற்சியாவது அவரிடம் இருக்கிறது. மதியம் வரை ஒற்றுகளை அடித்துக்கொண்டிருந்தேன்.

குடும்ப வாட்ஸ்அப் குழு: 'வேரும் விழுதும்'. என் மனைவி கௌரியின் பிறந்தவீட்டு ஆட்கள். நான் அட்மின். பிழை திருத்துகிறவன் என்பதால் பொறுப்பானவனாகவும் இருப்பேன் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். இன்று வந்தவை:

— சேலம் சித்தப்பா: இன்றிரவு விண்வெளியிலிருந்து கதிர்விச்சு. கைபேசியை உடலருகே வைக்காதீர். (கைபேசியிலிருந்து அனுப்பியிருந்தார்.)
— அவரே: கறிவேப்பிலைச் சாறும் சர்க்கரை நோயும். மருத்துவ உலகம் மறைக்கும் உண்மை.
— யாரோ ஒரு பெண்மணி: மயில் படம், இனிய காலை வணக்கம்.

'கதிர்விச்சு அல்ல, கதிர்வீச்சு' என்று எழுதினேன். சித்தப்பா நன்றி சொல்லி, திருத்தி, மறுபடி எல்லாருக்கும் அனுப்பினார். அறிவியலுக்கு என் பங்களிப்பு: பொய், பிழையின்றி.

கௌரிக்குக் கோபம். "பெரியவர எதுக்குங்க நோண்டுறீங்க?"

"அவர் சொல்றது பொய்."

"அவரு எங்க சொன்னாரு? அவருக்கு வந்துச்சு, அனுப்புனாரு."

யோசித்தால் அதுதான் சரி. எதையும் யாரும் சொல்வதில்லை. வருகிறது. பொய் என்று சொன்னால் வந்ததைச் சொன்னதாகாது, அனுப்பியவரைச் சொன்னதாகும். சித்தப்பாவை யார் பொய்யர் என்பது? கல்யாணத்துக்குக் கல்யாணம் பார்த்துக்கொள்ள வேண்டிய முகம். அதைவிடக் கறிவேப்பிலையை நம்புவது சுலபம்.

ஜூலை 8, செவ்வாய்

பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. மெய்ப்பு நகரவில்லை.

இண்டூரிலிருந்து ராணி போன். ராணி, கௌரியின் அண்ணி. என் மச்சான் முருகேசனின் மனைவி.

"அண்ணா, இவரு தலையில காக்கா தட்டிருச்சுங்க."

"எங்க?"

"மோட்டார் கொட்டாயாண்ட. ஒருக்கா இல்ல. நேத்தும் தட்டுச்சு, இன்னைக்கும் தட்டுச்சு. ரத்தமே வந்துருச்சு."

அங்கே வேப்பமரம் இருக்கிறது. காக்கை கூடு கட்டியிருக்கும், குஞ்சு இருக்கும், கீழே போகிறவனைக் கொத்தும். சொன்னேன். ராணி பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அதெல்லாம் சரிங்கண்ணா, வீடியோவுல வேற சொல்றாங்களே" என்றாள்.

வீடியோவைக் கௌரிக்கு அனுப்பியிருக்கிறாள். பார்த்தேன். காவித் துண்டு போட்ட ஒருவர், பின்னால் பொம்மை மலை. காக்கை தலையில் தட்டினால் உயிருக்கு ஆபத்து. பரிகாரம் உண்டு: அந்த ஆள் இறந்துவிட்டதாகக் கூடப்பிறந்தவளுக்குப் பொய்ச் சேதி சொல்லி அனுப்ப வேண்டும். அவள் அது பொய் என்று அறியாமல் அழ வேண்டும். அழுதால் தோஷம் கழிந்தது. பிறகு உண்மையைச் சொல்லிச் சாப்பாடு போட வேண்டும்.

இது அவர் கண்டுபிடித்ததல்ல. என் சின்ன வயதிலேயே இந்தப் பக்கம் உண்டு. ஒருவன் போய் இழவு சொல்வான். பின்னாலேயே இன்னொருவன் போய், பொய் என்று சொல்லிச் சிரிப்பான். இரண்டு பேரும் நடந்துதான் போவார்கள், ஒரே வேகம். பொய்க்கும் மறுப்புக்கும் கால் சமமாக இருந்த காலம்.

வீடியோவுக்குக் கீழே கருத்துகள். 'எனக்கும் தட்டியது, நான் பரிகாரம் செய்யவில்லை, அடுத்த மாதமே என் மாமனார்.' ஆதாரம் போதும்.

மச்சானுக்குப் போன வருஷம் நெஞ்சுவலி வந்தது. ராணியைக் குற்றம் சொல்ல முடியாது. பயந்தவளுக்கு எது உண்மை என்பது கவலை இல்லை. ஏதாவது செய்ய வேண்டும், அதுதான் கவலை. உண்மை, செய்வதற்கு எதையும் தருவதில்லை. வீடியோ தருகிறது.

ஜூலை 9, புதன். இண்டூர்

கௌரியோடு பஸ். தருமபுரியில் மாறி, பத்து மணி வாக்கில் இண்டூர். வழியெல்லாம் தக்காளி. சாலையோரமாகக் கொட்டி வைத்திருந்தான் ஒருவன், கூப்பிட்டு விற்கக்கூட இல்லை.

மச்சான் வாசலில் நாற்காலியில். தலையில் துண்டு. சாமந்தி அறுப்பு நடக்கிறது, போகவில்லை.

"வாங்க மாப்ள. பாத்தீங்களா, எல்லாரையும் உட்டுட்டு என் மண்டையத் தேடி வந்திருக்கு."

"முடி இல்லாத இடம் பாத்து உக்காந்திருக்கும்" என்றேன்.

சிரித்தார். ராணி சிரிக்கவில்லை.

பேச்சு உள்ளே நடந்தது. அழ வேண்டியது யார்? கௌரிக்கு விஷயம் தெரிந்துவிட்டது, அவள் கண்ணீர் செல்லாது. மிச்சம் செல்வி.

செல்வி கடைசித் தங்கை. ஓசூரில் இருக்கிறாள். ஆறு வருஷமாக அண்ணனோடு பேச்சில்லை. அவள் மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். செல்வி நேரில் வந்து, இதே வாசலில் நின்று, தாய்மாமனாக வந்து சீர் வைக்கும்படி கூப்பிட்டாள். மச்சான் போகவில்லை. ஊர் என்ன சொல்லும் என்றார். ஊர் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்கு அந்த வாரம் வேறு வேலை இருந்தது. மேடையில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் நான் நின்றேன், முறையில்லாத முறையாக. அதிலிருந்து பிறந்தவீட்டுப் பக்கத்தில் அவள் பேசுவது என்னோடு மட்டும்தான்.

"இவரு போட்டாத்தான் செல்வி நம்புவா" என்றாள் கௌரி, என்னைக் காட்டி. "இவரு பொய் ஒண்ணு அனுப்பி யாரு பாத்திருக்காங்க?"

"எதையும் நம்பாத மனுசன்" என்றாள் ராணி. "அவரே சொல்லிட்டாருன்னா அப்புறம் பேச்சு ஏது?"

இத்தனை வருஷம் குழுவில் பிழை திருத்தி நான் சேர்த்த நல்ல பேர் எதற்கு உதவும் என்று இன்று தெரிந்தது.

முடியாது என்றேன். நேரம் போனது. மச்சான் வாசலிலேயே இருந்தார். நான் வெளியே வந்ததும், ரோட்டைப் பார்த்தபடி:

"அவ அழுவமாட்டா, மாப்ள."

தலைத் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"அழுவாளா?"

காக்கையைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. ஆறு வருஷமாகக் கேட்க முடியாத ஒன்றைக் கேட்க அவருக்கு ஒரு பறவை கிடைத்திருக்கிறது. நேரே ஓசூர் பஸ் ஏறிப் போனால் தெரிந்துவிடும் என்றேன்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுங்க? செத்தா வருவா. வந்துட்டா, அப்புறம் உசுரோட இருந்தா மட்டும் திரும்பிப் போயிருவாளா?"

ஒப்புக்கொண்டேன். அவர் கேட்ட விதம்தான் காரணம். அவள் வருவாளா என்று பார்க்க எனக்கும் ஆசை இருந்தது.

ஜூலை 10, வியாழன்

மேகம். வெக்கை.

வரைவு. 'இயற்கை எய்தினார்', கட்சிக்காரர் மாதிரி. 'இறைவனடி சேர்ந்தார்', மச்சானுக்கு அவ்வளவு பக்தி கிடையாது. கடைசியில்: 'இண்டூர் முருகேசன் இன்று காலை காலமானார்.'

மச்சான் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். "அவ்ளோதானா? நல்லவர்னு ஒரு வார்த்த சேக்கலாம்ல?"

"வாயக் கழுவுங்க" என்றாள் ராணி.

"செத்த அன்னைக்குத்தான்டி சொல்லுவாங்க. வேற எப்ப?"

செல்விக்கு மட்டும் அனுப்பினேன். தனியாக. நீலக் குறி உடனே விழுந்தது. பதில் இல்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், துண்டித்துவிட்டாள்.

பிறகு 'வேரும் விழுதும்' குழுவில் செல்வி. ஆறு வருஷத்தில் அவள் அங்கே எதுவும் போட்டதில்லை. தன் சொல்லாக ஒன்றும் இல்லை. என் செய்தி, அப்படியே, மேலே 'ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்ற குறியோடு. திரும்பக் கூப்பிட்டேன், போன் அணைந்திருந்தது.

அழுதாளா? தெரியாது. ஃபார்வர்டில் அது தெரிவதில்லை.

அதன் பிறகு நடந்தது, வந்த வரிசையில்:

சித்தப்பாவின் கும்பிடு. கும்பிடுகள். யாரோ மச்சானின் படத்தை ஒரு கல்யாண ஃபோட்டோவிலிருந்து வெட்டி, மெழுகுவர்த்தி வைத்து, கண்ணீர் அஞ்சலி செய்துவிட்டார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிக்கிறார். மாரடைப்பு. பைக்கில் போகும்போது மாரடைப்பு. பைக் விபத்து. பாம்பு. தக்காளிக்கு மருந்தடிக்கும்போது மயக்கம். கடைசியானது விவசாயிகள் குழுக்களுக்குப் போய், விலை கிடைக்காமல் மருந்து குடித்தார் என்று திரும்பி வந்தது. கூடவே, யாரென்று தெரியாத ஒரு பெண்ணின் அழுகுரல்.

மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து தன் இரங்கல்களை வாசித்துக்கொண்டிருந்தார். "தங்கமான மனுசனாம் நானு. இவன் போன மாசம் வாய்க்கா தண்ணிக்கு என்னை மம்பட்டியால அடிக்க வந்தான்."

அவர் போனே அடித்தது. எடுத்தார்.

"முருகேசன் வூடுங்களா? எப்பங்க எடுக்குறீங்க?"

"இன்னும் முடிவாகலைங்க" என்றார் மச்சான்.

மதியத்துக்குள் வாசலில் ஆள். பால் சொசைட்டிக்காரர்கள் மாலையோடு வந்து, நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து, மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். மச்சான் அதை வாங்கிப் பார்த்தார். சாமந்தி. "நம்ம தோட்டத்துப் பூதான். காலையில மார்க்கெட்டுக்கு அனுப்புனது." உட்காரச் சொன்னார். டீ கொடுத்தாள் ராணி. வந்தவர்களிடமெல்லாம் விஷயத்தைச் சொன்னாள். சிரித்தார்கள், ஆயுசு நூறு என்றார்கள். பார்த்ததும் நம்பினார்கள். பார்ப்பதற்கு இன்னும் கொஞ்சம் செல்வாக்கு இருக்கிறது, இண்டூரில்.

நான் மறுப்பு எழுத உட்கார்ந்தேன். மச்சான் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப வேணாம் மாப்ள."

"ஏன்?"

"பாதி வழியில இருப்பா. ராயக்கோட்ட தாண்டிருப்பா. இப்பப் போட்டீங்கன்னா எறங்கித் திரும்பிருவா."

அதனால் போடவில்லை. சாயங்காலம் வரை மச்சான் செத்தவராகவே வாசலில் இருந்தார். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் துண்டைச் சரி செய்துகொண்டார். ஒரு தடவை எழுந்து உள்ளே போய்ச் சட்டை மாற்றி வந்தார்.

வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

தூறல், மண்ணை நனைக்காமல்.

காலையில் மறுப்பு போட்டேன். யோசித்து, நிதானமாக, ஒரே வாக்கியம்: 'இண்டூர் முருகேசன் காலமானார் என்று நேற்று முதல் பரவி வரும் செய்தி, ஒரு சடங்குக்காக என்னால் எழுதப்பட்டுத் தவறுதலாக வெளியே சென்றதே தவிர உண்மையன்று, அவர் நலமாக இருக்கிறார்.' ஒற்றுப் பிழைகூடக் கிடையாது.

கும்பிடுகள் வந்தன. சித்தப்பா: 'உறுதி செய்தமைக்கு நன்றி, மாப்பிள்ளை.'

புரியவில்லை. கௌரியின் போனை வாங்கிப் பார்த்தேன். பூட்டிய திரையில் என் மறுப்பு இப்படித் தெரிகிறது: 'இண்டூர் முருகேசன் காலமானார்…' அதோடு புள்ளி, புள்ளி, புள்ளி.

தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். முதலில் ஒரு ஆளைக் கொன்று, கொன்றதை விளக்கி, எல்லாம் முடிந்த பிறகு 'இல்லை' என்போம். காத்திருந்து கேட்கிறவர்களுக்காக ஆன மொழி. திரையில் 'இல்லை'க்கு இடமில்லை. முப்பது வருஷம் இந்த மொழியின் வாலைத் திருத்தித் தின்றவன் நான். இது தெரிந்திருக்க வேண்டும்.

சுருக்கினேன். 'முருகேசன் சாகவில்லை.'

பதில்: 'ஆம். நம் நெஞ்சங்களில் வாழ்கிறார்.'

'உண்மையாகவே உயிரோடு இருக்கிறார்' என்றேன். அதற்குப் பதில் எனக்கு வரவில்லை. மற்றவர்களுக்குச் சித்தப்பா ஒரு குரல்பதிவு போட்டார்: "மாப்பிள்ள அதிர்ச்சியில இருக்காருங்க. மச்சானும் மாப்பிள்ளையும் அவ்ளோ ஒத்துமை. யாரும் இப்ப அவர எதுவும் கேக்காதீங்க."

மதியம் மச்சானையே பேச வைத்துப் படம் எடுத்தேன். மோட்டார் கொட்டாய், பின்னால் வேப்பமரம், காக்கைகூடப் படத்தில் விழுந்திருக்கிறது. "எல்லாருக்கும் வணக்கங்க. நான் முருகேசன் பேசுறேன். நல்லாருக்கேன். யாரும் வருத்தப்படாதீங்க. செல்வி, நீ பாத்தீன்னா..." அங்கே நிறுத்திவிட்டார். அதை வெட்டாமல் போட்டேன்.

வந்தவை:

— அழுதுவிட்டேன்.
— பழைய வீடியோ. அப்போது எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தார்.
— ஏஐயில் செய்தது. உதடு ஒட்டவில்லை பாருங்கள். ('எங்கே ஒட்டவில்லை?' என்று மச்சான் போனை நெருக்கமாக வைத்துப் பார்த்தார். பல் செட்தான் காரணம்.)
— அருமையாகச் செய்திருக்கிறார்கள். யார் செய்து கொடுத்தது? எங்கள் அப்பாவுக்கும் வேண்டும்.

கடைசியாக எழுதியவர், செய்து கொடுத்தவரின் நம்பர் கேட்டுத் தனியாகவும் செய்தி அனுப்பினார். அவருடைய அப்பா இறந்து ரொம்ப நாளாகிறதாம். அப்பா இரண்டு வார்த்தை பேசினால் போதுமாம். அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

செல்வி போன் இன்னும் அணைந்தேதான்.

ஜூலை 12, சனி

மச்சான் டீக்கடைக்குப் போய் வந்தார். வாங்க வேண்டியவை என்று ராணி சொன்னதில் பாதியை மறந்துவிட்டார்: ரவை, கொசுவத்தி, தலைவலித் தைலம். டீக்கடையில் ஒருவன் காசு வாங்க மாட்டேன் என்றானாம், செத்தவர்கிட்ட வாங்கக் கூடாதென்று. நன்றாகச் சிரித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

ராணிக்கு நிம்மதி பாதி. "அவ அழுதிருந்தாதானுங்க கழியும்? அழுதாளா இல்லையான்னே தெரியலையே."

கௌரி: "அழாம இருப்பாளா?"

ராணி: "வராம இருந்தாளே."

ஏன் நம்புகிறார்கள் என்று நான் குழு தொடங்கிய நாளிலிருந்து கேலி செய்துவந்திருக்கிறேன். முட்டாள்கள் என்பது என் பழைய விடை. எழுதுவதற்கு வசதி. இப்போது அது நிற்கவில்லை. மச்சானின் சாவை நம்பியவர்களில் முட்டாள் யாருமில்லை. தங்களுக்குத் தெரிந்த ஆள் சொன்னார், நம்பினார்கள். துக்கத்தில் முதலில் வந்து நிற்பது மரியாதை, நின்றார்கள். நிஜமா என்று கேட்பது மரியாதை இல்லை, கேட்கவில்லை. எல்லாரும் சரியாக நடந்துகொண்டார்கள். இதைத் திருத்த எங்கே சுழிப்பது?

சாயங்காலம் மச்சான்: "நீங்க ஒரு எட்டு ஓசூர் போயிட்டு வாங்க, மாப்ள."

"நீங்களும் வாங்க. ரெண்டு பேரும் போவோம்."

செருப்பைக்கூடப் பார்த்தார். மாட்டிக்கொள்வார் என்றே நினைத்தேன்.

"நீங்க போங்க. திட்டுவா, வாங்கிக்குங்க. அழுதாளான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க."

ஜூலை 13, ஞாயிறு. ஓசூர், மறுபடி பஸ்

பாலக்கோடு, ராயக்கோட்டை வழி. ஜன்னலோர சீட். முன் சீட்டுக்காரர் போனில் சத்தமாக ஒரு வீடியோ: வெந்நீரில் எலுமிச்சை.

செல்வி வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வரிசை வீடுகளில் ஒன்று. அவள் வீட்டுக்காரர் கம்பெனி ஷிஃப்டில். பக்கத்து வீட்டு டிவியில் கன்னடம். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்தாள். வேறு எதுவும் கேட்பதற்கு முன்னால் கேட்டது:

"எடுத்துட்டீங்களா, மாமா?"

"எடுக்கல" என்றேன். அதுவும் உண்மைதான்.

அவள் கவனிக்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள். "நான் வரலன்னு பேசுனாங்களா?"

"யாரும் பேசல."

"வரக்கூடாதுன்னு இல்லீங்க மாமா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். தருமபுரி வண்டி நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு. எம் பொண்ணு மேடைக்கு வராத ஆளு பாடைக்கு நான் எதுக்குப் போவணும்னு தோணுச்சு. திரும்பிட்டேன். வூட்டுக்கு வந்து தல முழுவுனேன்."

நறுக்கிய பீன்ஸை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"முழுவிட்டு வெளிய வந்தா, கோவத்தக் காணோம் மாமா. ஆறு வருசத்துல மொத தடவ. செத்தவரு மேல என்ன கோவம்? இன்னும் கொஞ்ச நாளு இருந்திருந்தா அவரே வந்திருப்பாருன்னு நெனச்சுக்கிட்டேன். வரணும்னுதான் இருந்திருப்பாரு, அதுக்குள்ள போயிட்டாருன்னு. எம் பொண்ணுகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். தூங்குனேன் மாமா, நல்லா."

"குரூப்ல ஏன் போட்ட?"

"என் வாயால யாருக்குஞ் சொல்ல வரல. நீங்க எழுதுனது இருந்துச்சு. அனுப்பிட்டேன்."

கேட்கச் சொன்னதைக் கேட்டேன். "அழுதியாம்மா?"

"இல்ல." யோசித்தாள். "அழுவ வரல. நிம்மதியா இருந்துச்சு. சொல்லக் கூடாது."

அப்புறம் சொன்னேன். காக்கை, வீடியோ, பரிகாரம், என் வாக்கியம், எல்லாம். கடைசியில் இல்லாமல் முதலிலேயே சொன்னேன்: அண்ணன் உயிரோடு இருக்கிறார்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியைத் தட்டின் மேல் வைத்தாள்.

"நீங்களா எழுதுனீங்க?"

"நான்தான்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சே."

"அப்ப இதையும் நீங்கதான் சொல்றீங்க."

போனை எடுத்து மச்சானை வீடியோவில் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். காலையிலிருந்து கையிலேயே வைத்திருந்திருப்பார். திரையை அவள் பக்கம் திருப்பினேன். துண்டு, நெற்றி, வேப்பமரம். "செல்வி" என்றார். சத்தம் விட்டு விட்டு வந்தது. அவள் பார்த்தாள். தொலைக்காட்சியில் தெரிந்தவர் யாரோ வந்த மாதிரி பார்த்தாள். போனை வாங்கவில்லை. நான் அணைத்தேன்.

"நல்லாத்தான் இருக்காரு" என்றாள்.

"அன்னைக்கு முழுக்க வாசல்ல உக்காந்திருந்தாரும்மா. நீ வருவேன்னு. என்னை மறுப்புகூடப் போட விடல."

"வாசல்லதான?"

"ஆமா."

"இன்னைக்கு ஏன் நீங்க வந்திருக்கீங்க?"

தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன்.

"செத்துட்டாரு, அதான் வர முடியலன்னு இருந்தேன். இப்ப உசுரோட இருந்துக்கிட்டே வரலங்கிறீங்க. அத வச்சுக்கிட்டு நான் என்ன மாமா பண்றது? மறுபடி மொதல்ல இருந்தா?" பீன்ஸ் தட்டை மடியில் எடுத்துக்கொண்டாள். "எனக்கு மொதல்ல நீங்க போட்டதே இருக்கட்டும்."

"அது பொய் செல்வி."

"ஆய்த்து, விடுங்க மாமா" என்றாள், பாதிக் கன்னடத்தில். முடிந்தது, அவ்வளவுதான். "சாப்பிட்டுட்டுப் போங்க."

சாப்பிட்டேன். பீன்ஸ் பொரியல், ரசம். அவள் பரிமாறும்போது பேசியது மகளைப் பற்றி, தண்ணீர் லாரியைப் பற்றி.

பஸ்ஸில் எழுதுகிறேன், கோணலாக. இவளை எதைக் காட்டி மறுப்பது? முகத்தைக் காட்டியாகிவிட்டது.

ஜூலை 14, திங்கள். அரூர்

காற்று நின்றுவிட்டது. மெய்ப்பு கேட்டுப் பதிப்பகத்திலிருந்து இரண்டு தடவை போன்.

மச்சான் காலையிலேயே கூப்பிட்டார். ராணி பக்கத்திலிருந்து கேட்பது மூச்சில் தெரிந்தது.

"அழுதாளா, மாப்ள?"

"அழுதா."

"நல்லாவா?"

"நல்லா அழுதா, மச்சான்."

ராணி கடவுள் பேர் சொன்னாள். தோஷம் போச்சு என்றாள். மச்சான் விடவில்லை.

"அப்புறம் ஏன் போன்ல பேசல?"

"அழுதுக்கிட்டு இருந்தா."

"ஆமா, பாத்தேன். கண்ணெல்லாம் ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார். இப்போது அவரே பார்த்ததாகிவிட்டது. "எப்ப வர்றாளாம்?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "ஆடி கழியட்டும்னா."

நம்பினார். உடனே. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று ராணியிடம் சொல்வது கேட்டது.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் குழுவில் சித்தப்பா: 'ஆடி கழிந்ததும் தங்கை செல்வி அண்ணன் வீட்டுக்கு வருகிறார். ரத்த பாசம் வென்றது. அனைவருக்கும் பகிரவும்.' கைதட்டல்கள். இதயங்கள். மச்சானின் ஒரு கும்பிடு; இந்தக் குழுவில் அவர் போட்ட முதல் செய்தி.

அதற்குக் கீழே அட்மினுக்கு மட்டும் தெரிகிற சாம்பல் நிற வரி.

செல்வி வெளியேறினார்.